வண்டிக்கும் ஓர் எண்ணெய்க் குளியல்

சனிக்கிழமை என்றால் வெங்கிட்டுவுக்கு எண்ணெய்க் குளியல். மழை கொட்டினாலும் சரி, பெரிய மனுஷர் யாராவது அவசரமாக ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி, தலையில் எண்ணெய் வைத்து ஊறிக் குளிக்காமல் அன்றைக்கு வண்டிச் சாவியைத் தொடமாட்டார். மட்டாஞ்சேரியில் அவர் குடியிருக்கும் சந்தில் மற்ற வீடுகளெல்லாம் தேங்காயெண்ணெய்க் கட்சி. இவர் வீட்டில் மட்டும் நல்லெண்ணெய். மனைவி விசாலாக்ஷி அதில் நாலு மிளகும் ஒரு சிட்டிகை அரிசியும் போட்டுக் காய்ச்சும்போது சந்தே மணக்கும். "ஸ்வாமிக்கு இன்னிக்கு ஓட்டம் பத்து மணிக்கு மேலதான்" என்று எதிர்வீட்டுச் சேட்டன் மூக்காலேயே தெரிந்துகொள்வார்.

தலையோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. விசாலாக்ஷி இரண்டு கிண்ணம் வைப்பாள். பெரிய கிண்ணம் வெங்கிட்டுவுக்கு. சின்னக் கிண்ணம் வண்டிக்கு.

ஆமாம், வண்டிக்குத்தான். தலையில் எண்ணெயோடு ஊறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பழைய வேஷ்டித் துணியைக் கிழித்து அந்தச் சின்னக் கிண்ணத்தில் தோய்த்து, கார்க் கதவைத் திறந்து, கதவைச் சுற்றி ஓடும் ரப்பருக்கு மேலிருந்து கீழாக நீவிவிடுவார். கண்ணாடி இறங்கி ஏறும் இடத்து ரப்பருக்கும் ஒரு இழுப்பு. ரப்பரும் நம் தோல் மாதிரிதானே, காய்ந்தால் வெடிக்கும், எண்ணெய் கண்டால் மெத்தென்று இருக்கும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரையும் கேட்டதும் இல்லை. கேட்கிற பழக்கம் அவருக்குப் பொதுவாகவே கிடையாது.

பாலக்காட்டிலிருந்து எந்தக் காலத்திலோ கொச்சிக்கு வந்த குடும்பம். வெங்கிட்டு முதலில் ஒரு மிளகு கோடவுனில் குமாஸ்தாவாக இருந்தார். கோடவுன் பூட்டியதும் கைக்கு வந்ததைக் கொண்டு ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குருவாயூர், பாலக்காட்டுத் தேர், நெடும்பாசேரி ஏர்போர்ட் எல்லாவற்றுக்கும் வெங்கிட்டு வண்டிதான். அவர் வேகமாக ஓட்டுகிறவரும் இல்லை, பிரமாதமாகப் பேசுகிறவரும் இல்லை. வண்டி சத்தமில்லாத வண்டி, அவ்வளவுதான் அவருடைய பெருமை. "நம்ம வண்டில ஏறினா ஸஹஸ்ரநாமம் சொல்லலாம், தூங்கலாம், ஃபோன்ல சண்டை போடலாம். வெளில இருக்கற லோகம் உள்ள வராது" என்று சொல்லிக்கொள்வார். கேட்டுக் கேட்டு விசாலாக்ஷிக்கு அலுத்துவிட்டது.

போன மழைக்காலத்தில் முன்கதவு ரப்பர் கிழிந்து உள்ளே தண்ணீர் சொட்டியது. இடக்கொச்சியில் கார்க் கண்ணாடி, ரப்பர் வேலை செய்யும் செல்லதுரையிடம் கொண்டுபோனார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், பிழைக்க வந்து வருஷம் பல ஆகிறது. ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். செல்லதுரை இரண்டு முன்கதவுகளுக்கும் ஒரே ரோலிலிருந்து வெட்டிப் புது ரப்பர் போட்டுக் கொடுத்தார். கதவைச் சாத்தினால் பெட்டியை மூடுகிற மாதிரி மெத்தென்று ஒரு சத்தம். வெங்கிட்டு சாத்திச் சாத்திப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அடுத்த சனிக்கிழமை புது ரப்பருக்குக் கூடக் கொஞ்சம் எண்ணெய் வைத்தார்.

மழை போய்ப் பனி வந்து, பனியும் போகிற சமயத்தில்தான் அந்த விசில் ஆரம்பித்தது. வல்லார்பாடம் கண்டெய்னர் ரோட்டில் வேகம் அறுபதைத் தாண்டினதும் காதோரம் மெல்லிசாக ஒரு ஊளை. வேகம் குறைந்தால் அதுவும் அடங்கிவிடும். முதலில் எதிர்க்காற்று என்று நினைத்தார். பிறகு லாரிக்காரன் ஹாரன் என்று நினைத்தார். கடைசியில் நினைக்க வேறொன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

அதிதி என்றொரு பெண், தேவராவில் இருக்கிறாள், வாராவாரம் வேலை விஷயமாக பெங்களூர் போய்வருகிறவள், அவருடைய நிரந்தர வாடிக்கை. அவள்தான் முதலில் கேட்டாள். "மாமா, உங்க பக்கத்துக் கண்ணாடி சரியா ஏறலையோ?"

வெங்கிட்டு ஏறியிருந்த கண்ணாடியை இன்னொரு தடவை பட்டனை அழுத்தி ஏற்றினார். விசில் நின்றபாடில்லை. அதிதி பையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் காதைப் பொத்திக்கொண்ட முதல் ஆள் அவள். நெடும்பாசேரி போய்ச் சேருகிறவரைக்கும் வெங்கிட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை.

அவளை இறக்கிவிட்டு, ஏர்போர்ட் பார்க்கிங்கில் நின்றபடியே, கோபம் ஆறுவதற்குள் ஃபோனை எடுத்து டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டார். மட்டாஞ்சேரி, தோப்பும்படி, இடக்கொச்சி டிரைவர்கள் அத்தனை பேரும் இருக்கிற குரூப். மலையாளத்தில்தான் பேசினார், ரொம்ப நல்ல மலையாளத்தில். இடக்கொச்சி செல்லதுரை போடுவது டூப்ளிகேட் ரப்பர், ஒரு வருஷம்கூடத் தாங்காது, யாரும் அங்கே போய் ஏமாறாதீர்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "எங்கிருந்தோ பிழைக்க வந்தவனுக்கு நம்ம வண்டிமேல என்ன அக்கறை இருக்கும்?" என்றும் சேர்த்தார். இவருடைய பாட்டனார்கள் என்னவோ கொச்சிக் காயல் தண்ணீரிலேயே முளைத்தவர்கள் மாதிரி.

குரூப்பில் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. வெங்கிட்டுவுக்கு மனசு லேசாயிற்று. விசில்தான் அப்படியே இருந்தது.

"கத்தறதெல்லாம் கத்தியாச்சு. எங்கேர்ந்து வரதுன்னு பார்த்தேளோ?" என்று கேட்டாள் விசாலாக்ஷி. பார்க்கவில்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் ஒரு உருளையோடு கண்டெய்னர் ரோட்டுக்குப் போனார். கதவு இடுக்கின்மேல் டேப்பை ஒட்டிக் காற்றை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது, எந்த இடத்தை அடைத்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. இது டிரைவர்களெல்லாம் செய்கிற வேலைதான். இடது கதவை முழுக்க ஒட்டினார். விசில் தன் பாட்டுக்கு அடித்தது. அதைப் பிய்த்துவிட்டுத் தன் பக்கத்து வலது கதவை ஒட்டினார். விசில் செத்துப்போயிற்று. கதவு ஒட்டியிருந்ததால் இடது பக்கம் வழியாக, விசாலாக்ஷியை இறக்கிவிட்டு, வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தார்.

ரோட்டோரம் நின்று டேப்பை உரித்து வலது கதவைத் திறந்தார். ரப்பர் ஊறின அப்பளம் மாதிரி உப்பி நெளிந்திருந்தது. விளிம்பு கதவோடு ஒட்டாமல் அலையலையாகத் தொங்கியது. மேலெல்லாம் தூசி எண்ணெயோடு குழைந்து கறுப்பாக அப்பியிருந்தது. 'பார்த்தியா, டூப்ளிகேட்!' என்று மனசுக்குள் ஒரு வெற்றி. அதே வெற்றியோடு இடது கதவைத் திறந்தார்.

இடது கதவு ரப்பர் போட்ட நாளில் இருந்த மாதிரியே இருந்தது. கெட்டியாக, நேராக, நெளிவு சுளிவில்லாமல். விரலால் அழுத்தினால் எழும்பி வந்தது.

அதே ரோல். அதே கை. ஒரே நாளில் போட்டது. அப்புறம் எப்படி? வெங்கிட்டு இரண்டு கதவுக்கும் நடுவே மாறி மாறி நடந்தார். சந்தில் வண்டியை நிறுத்துகிற இடம் அவர் கண்முன் வந்தது. இடது பக்கம் சுவரோடு சுவராக ஒட்டித்தான் நிறுத்தியாகவேண்டும், இல்லாவிட்டால் எதிர்வீட்டுச் சேட்டனின் ஸ்கூட்டர் போகாது. இடது கதவுகளைத் திறக்க முடியாது. சனிக்கிழமைகளில் எண்ணெய்க் கிண்ணம் எட்டுவது வலது பக்கத்துக்கு மட்டும்தான்.

விரலை முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெய் மணத்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள் விசாலாக்ஷி. அவள் காயலில் நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர் போச்சு" என்றார். அதற்குமேல் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம், பிழைக்க வந்தவன் என்று குரூப்பில் சொன்ன தன் குரல் அந்த விசிலைவிடச் சத்தமாகக் காதில் கேட்டது.

மறுநாள் சொல்லிவிடுவது என்றுதான் இடக்கொச்சிக்குப் போனார். அதைச் சந்தேகப்பட வேண்டாம். 'செல்லதுரை, தப்பு என் பேரில, தெரியாம எண்ணெய் போட்டுட்டேன்' என்று தோப்பும்படியைத் தாண்டும்போது ஒரு தடவையும் இடக்கொச்சி வந்ததும் ஒரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது.

ஷெட்டில் செல்லதுரையும் அவர் மகள் மகாவும் இருந்தார்கள். மகா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். வண்டியைப் பார்த்ததுமே செல்லதுரை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். வெங்கிட்டு வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"சாமி, மன்னிச்சிரணும். நீங்க குரூப்புல பேசுனதை வண்டிக்காரங்க போட்டுக் காட்டுனாங்க. ஒரிஜினல்னு சொல்லித்தான் கடைக்காரன் குடுத்தான், அந்த ரோலே மோசம்போல. எம்மேலதான் தப்பு, நான் பாத்து வாங்கியிருக்கணும்."

ஷெட்டுக்குப் பின்னால் குப்பையில் அந்த ரோலில் மிச்சமிருந்தது அப்படியே கிடந்தது. வெங்கிட்டுவின் கண் அங்கே போவதைப் பார்த்துவிட்டு, "தூக்கிப் போட்டுட்டேன் சாமி. அதுல போட்ட வண்டிக்காரங்களை எல்லாம் கூப்பிட்டுச் சும்மாவே மாத்திக் குடுத்துக்கிட்டு இருக்கேன். நம்ம பேரு கெட்டுப்போகக் கூடாதுல்ல" என்றார் செல்லதுரை.

பக்கத்தில் கேரியரைப் பிடித்தபடி மகா நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் கூப்பிய கையையும் வெங்கிட்டுவின் முகத்தையும் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். மனுஷனாகப் பிறந்த எவனும் அந்த இடத்தில் சொல்லியிருப்பான். வெங்கிட்டு சொன்னது இதுதான்: "பரவாயில்லை, போகட்டும்."

மன்னிக்கிற தொனியில் வேறு சொன்னார்! செல்லதுரை ஸ்டூல் போட்டு, சாயா வாங்கி வரச்சொல்லி, வேறு ரோலிலிருந்து ரப்பர் வெட்டி வலது கதவுக்குப் போட்டார். இடது கதவு இருக்கட்டும் என்று வெங்கிட்டு தடுத்துவிட்டார். வெங்கிட்டு அந்தச் சாயாவையும் குடித்தார். கழற்றின ரப்பரைச் செல்லதுரை குனிந்து எடுக்கப் போனபோது மட்டும் சட்டென்று எழுந்து, "நான் போற வழியில போட்டுடறேன்" என்று பிடுங்காத குறையாக வாங்கி டிக்கியில் போட்டுப் பூட்டினார். முகர்ந்து பார்த்துவிடுவானோ என்ற பயம்.

வண்டி அன்றைக்கு ஓடின ஓட்டம் இருக்கிறதே, பஞ்சுமேல் போன மாதிரி. ஒரு சத்தம் கிடையாது. ஒரு வாரத்துக்கு முன்னால் இதற்காக அவர் குருவாயூரப்பனுக்கு வேண்டிக்கொண்டிருப்பார். இப்போது அந்த நிசப்தத்தில் உட்காரப் பிடிக்காமல் ரேடியோவைத் திருகி வைத்துக்கொண்டு ஓட்டினார்.

"அவன் என்ன சொன்னான்?" என்று விசாலாக்ஷி கேட்டதற்கு, "ரப்பர் மோசம்னு அவனே ஒத்துண்டுட்டான்" என்றார். வார்த்தைக்கு வார்த்தை நிஜம். அதைச் சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

அந்த வாரம் வெங்கிட்டு பட்ட பாடு கொஞ்சமில்லை. டிக்கியில் கிடந்த ரப்பர் வெயிலில் வெந்து உள்ளே வாசனை விட ஆரம்பித்தது. எங்கேயாவது வீசிவிடலாம் என்று தினமும் வண்டியை ஓரம் கட்டுவார், டிக்கியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். அதிதி ஏறினதும் மூக்கை உறிஞ்சி, "என்ன மாமா, எள்ளுருண்டை வாங்கி வெச்சிருக்கேளா? சத்தமும் போயிடுத்தே, சூப்பர்" என்றாள். பையிலிருந்து ஹெட்ஃபோனை வெளியே எடுக்கவேயில்லை. வெங்கிட்டு சிரித்து மழுப்பினார்.

குரூப்பில் தோப்பும்படி டிரைவர் ஹரிநாராயணன் ஒரு வாய்ஸ் போட்டிருந்தான். "வெங்கிட்டு ஸ்வாமி சொன்னதாலதான் எனக்கும் விஷயம் தெரிஞ்சது. சனிக்கிழமை போயி மாத்திக்கப் போறேன். ஸ்வாமிக்கு ரொம்ப தேங்க்ஸ்." ஹரிநாராயணன் வண்டி ரப்பருக்கு ஒரு கேடும் இல்லை என்பது வெங்கிட்டுவுக்குத் தெரியும். நல்ல ரப்பரைப் பிய்த்துப்போட்டு வேறு ரப்பரை ஓசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் செல்லதுரை, தினம் தினம், இவர் வாயைத் திறக்காததால். ஒரு வாய்ஸ் பேசி அனுப்பினார். தன் குரலைத் தானே கேட்டுவிட்டுப் பயந்துபோய் அழித்தார். 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று அது எல்லார் ஃபோனிலும் உட்கார்ந்துகொண்டது. "என்னா ஸ்வாமி, என்ன அழிச்சீங்க?" என்று நாலு பேர் கேட்டார்கள். கை தவறிப் பட்டுவிட்டது என்றார்.

சனிக்கிழமை வந்தது. விசாலாக்ஷி எண்ணெய் காய்ச்சினாள். வெங்கிட்டு துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டார். காது, கழுத்து, மார்பு எல்லாம் வழிய வழியத் தேய்த்தார். அவள் சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"அது வேண்டாம்" என்றார்.

"ஏன்? புது ரப்பராச்சே, கூடக் கொஞ்சம் போடுவேளே."

அவர் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார். விசாலாக்ஷி கிண்ணத்தைப் பார்த்தாள். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். இந்த வாரம் முழுக்க வண்டியில் அடித்த வாசனை அவளுக்கும் தெரியும். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"அடப் பாவமே! இதுக்கா அந்த மனுஷனை ஊரெல்லாம் திட்டினேள்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. "அவன் ஒத்துண்டான்னு சொன்னேளே?"

"ஒத்துண்டான். நான் பேசாம இருந்துட்டேன்."

வெங்கிட்டு எழுந்தார். ஆணியில் தொங்கின சட்டையை எடுத்து எண்ணெய் உடம்பின்மேலேயே போட்டுக்கொண்டார். விசாலாக்ஷி பதறிவிட்டாள். "என்ன இது? எண்ணெய்த் தலையோட யாராவது படி தாண்டுவாளா? குளிச்சுட்டுப் போங்கோ."

"குளிச்சா போகமாட்டேன்" என்றார் வெங்கிட்டு. தன்னைப் பற்றி அவருக்கு அந்த அளவுக்காவது தெரிந்திருந்தது.

ஷெட்டில் ஹரிநாராயணன் வண்டி நின்றது. கூட இன்னும் இரண்டு டிரைவர்கள். செல்லதுரை ஹரிநாராயணன் வண்டிக் கதவிலிருந்து ரப்பரைப் பாதி உரித்திருந்தார். எண்ணெய் வழிய, சட்டை உடம்போடு ஒட்ட, நெற்றியில் முடி பிசுபிசுவென்று கிடக்க வெங்கிட்டு இறங்கினதைப் பார்த்து எல்லோரும் எழுந்து வந்தார்கள். யாராவது போய்விட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

"செல்லதுரை, அதை உரிக்காதே. நிறுத்து" என்றார். டிக்கியைத் திறந்து பழைய ரப்பரை எடுத்து வேலை மேசைமேல் போட்டார். "முகர்ந்து பாரு. ரோல்ல ஒரு கெடுதலும் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் இதுக்கு நல்லெண்ணெய் போட்டு ஊறவெச்சேன். எண்ணெய் படாத இடது கதவு கல்லு மாதிரி இருக்கு. அன்னிக்கு வந்தபோதே எனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டேதான் நீ கும்பிட்டதை வாங்கிண்டேன். குரூப்ல உன்னைப் பத்திச் சொன்னது அத்தனையும் பொய். பிழைக்க வந்தவன்னு சொன்னது அதைவிட அசிங்கம்."

ஹரிநாராயணன் ரப்பரை முகர்ந்துவிட்டு வெடித்துச் சிரித்தான். "ஸ்வாமி, வண்டிக்குச் சீயக்காய் போட்டீங்களா?" என்றான். மற்ற இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் ஏற்கெனவே ஃபோனைப் பிடித்து எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தான். இவர் நிற்கும்போதே அது குரூப்புக்குப் போய்விட்டது. வெங்கிட்டு தடுக்கவில்லை. அது போகவேண்டிய இடம்தான்.

செல்லதுரை சிரிக்கவில்லை. உரித்த ரப்பரைத் திரும்பவும் கதவு விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பொருத்திக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். "இவங்க முன்னால சொன்னீங்க, சரி. நான் மன்னிப்புக் கேட்டது இவங்க முன்னால இல்ல. எம் மக முன்னால. அன்னையில இருந்து அது எங்கிட்டச் சரியா பேச மாட்டேங்குது. அப்பன் திருட்டுச் சாமான் போட்டவன்னு நினைக்குதோ என்னமோ. அது மத்தியானம் வரும். அது முன்னால சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் வெங்கிட்டு.

குளித்துவிட்டு மத்தியானம் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். செல்லதுரையும் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டார். வெங்கிட்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். வெயில் ஏற ஏறத் தகரக் கூரை காய்ந்தது. எண்ணெய் இளகிக் காதோரம் இறங்கிக் காலரை நனைத்தது. வந்துபோன வண்டிக்காரர்களெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் வீடியோவைப் பார்த்துவிட்டே வந்திருந்தார்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள். செல்லதுரை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஒரு தடவை, அவருக்கென்று வந்த சாயாவை வெங்கிட்டு பக்கம் நகர்த்தினார். வெங்கிட்டு இந்தத் தடவை குடிக்கவில்லை.

மகா கேரியரோடு வந்தாள். வெங்கிட்டுவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெங்கிட்டு எழுந்தார். அத்தனை டிரைவர்கள் முன்னால் சரளமாக வந்த வார்த்தை, இந்த ஒரு பெண்ணின் முன்னால் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. எண்ணெய் போட்டது, இடது கதவு, தெரிந்தும் சும்மா இருந்தது, எல்லாம் சொன்னார். "உங்கப்பா பேரில் ஒரு தப்பும் இல்லைம்மா. நல்ல ரப்பர்தான் போட்டார்" என்று முடித்தார்.

மகா கடைசிவரை கேட்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"தப்பே பண்ணலைன்னா நீங்க எதுக்குப்பா அன்னைக்கு ஸாரி சொன்னீங்க?"

செல்லதுரை கையிலிருந்த கழிவுப் பஞ்சால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் குரூப்ல சத்தம் போட்டேம்மா" என்றார் வெங்கிட்டு. "அதனாலதான்."

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.